நாலு கூறு

ஒரு செந்நாயின் விடுதலைக்கு விலை, நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் கிலோ எருமைக்கறி. எலும்பு நீங்கலாக.

இந்த விலையைச் சொன்னது அரசாங்கமும் அல்ல, பூங்காவும் அல்ல, செந்நாயேதான். அதைப் பேசிக் குறைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

என் அடையாள அட்டையில் ‘இசைவு அலுவலர்’ என்று போட்டிருக்கும். செம்பாறை உயிரியல் பூங்காவில் அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. தரகரம்மா என்பார்கள். தப்பில்லை. நாங்கள் ராவுத்தர்கள், பொள்ளாச்சிச் சந்தையில் மூன்று தலைமுறையாக மாட்டுத் தரகு. துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். எதிராளியின் முகத்தை நாங்கள் பார்ப்பதே இல்லை. முகம் நடிக்கும், விரல் நடிக்காது. வேலைக்கான நேர்காணலில் இதைத்தான் சொன்னேன். இயக்குநர் திலகவதி சிரித்துவிட்டார். அவர் கால்நடை மருத்துவர். எண்களை நம்புகிறவர்.

ஒப்புதல் சட்டம் அப்போது புதிது. கூண்டில் இருக்கும் ஒவ்வொரு காட்டு விலங்கும், அங்கே இருக்கத் தனக்குச் சம்மதமா இல்லையா என்பதை ஆண்டுக்கு ஒருமுறை தெரிவித்தாக வேண்டும். வாயில்லாத ஜீவன் எப்படித் தெரிவிக்கும் என்று கேட்டேன்.

“விலை கேட்டாத் தெரிஞ்சிரும்,” என்றார் திலகவதி. “பின்கதவுக்குப் பக்கத்துல ஒரு எடைப்பலகை இருக்கு. அன்னன்னைக்குத் தீனி அதுலதான் வைப்போம். சாப்பிடாம விட்டுவைக்கிற ஒவ்வொரு நூறு கிராமுக்கும் கதவு அஞ்சு நிமிஷம் திறக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் புல்லு, மரம், காத்து. பத்து நாள்ல எல்லா மிருகமும் இதைக் கத்துக்கும். தீனியில பாதிக்கு மேல விட்டுக்கொடுத்து வெளிய போகப் பார்த்துச்சுன்னா, அதுக்கு இங்க இருக்க இஷ்டமில்லைன்னு அர்த்தம். சரணாலயத்துக்கு அனுப்பிடணும். பாதிக்குக் கீழன்னா, சம்மதம்.”

“நான் என்ன செய்யணும் மேடம்?”

“பாதிக்குக் கீழ கொண்டுவரணும்.”

இதற்கு ஏன் ஒரு தரகர் வேண்டும் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தீனியை வைத்து மிரட்டுகிற ஆள் பூங்காவில் நிறைய. வேறென்ன கொடுத்தால் வெளியே போகும் ஆசை குறையும் என்று முகர்ந்து பார்க்கிற ஆள்தான் இல்லை.

முதலைகளிடம் பேரம் நடந்ததே முதலைகளுக்குத் தெரியாது. பலகையில் இருந்ததை ஒரே வாயில் விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டன. ஆறு கையெழுத்து, அரை நாள் வேலை. மலைப்பாம்பு தின்பதே மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அதோடு பேசி முடிக்க எட்டு மாதமானது. கரடி கொஞ்சம் முரண்டு பிடித்தது. தீனியில் முக்கால் பங்கை விட்டுவிட்டுக் கதவுக்குப் பாயும். வாரத்துக்கு ஒரு கரையான் புற்றை வேரோடு பெயர்த்துக்கொண்டு வந்து கூண்டுக்குள் வைத்தேன். தோண்டுகிற சுகத்தில் கதவை மறந்துபோனது. இரண்டு வருடத்தில் முப்பத்தொன்பது கையெழுத்து. நாற்பதாவது முடிந்தால் பணி நிரந்தரம். அதற்கான உத்தரவு தட்டச்சாகித் திலகவதியின் மேசையில் தேதிக்காகக் காத்திருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் முடிக்க வேண்டும்.

நாற்பதாவதுதான் செந்நாய். ஏழு வயதுப் பெட்டை. வாயைக் குவித்து ஊதுவதுபோலச் சன்னமாய்ச் சீட்டியடிக்கும் என்பதால் பேரும் சீட்டி. செங்கல் நிறம், கறுத்த குச்சவால். ஒரு நிமிடம் நின்று நான் பார்த்ததில்லை. கூண்டின் நீளவாக்கில் இருபத்தோரு எட்டு, திரும்பினால் இருபத்தோரு எட்டு. பார்த்துக்கொண்டு நின்றால் நம் காலும் தன்னால் நகர ஆரம்பித்துவிடும். அந்த நாட்களில் வீட்டில் போன் பேசும்போதுகூட நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

முன்பு அங்கே ஐந்து இருந்தன. ஒரே வயிற்றில் பிறந்தவை. இரண்டு வருடம் முன்பு நான்கை வடக்கே ஒரு பூங்காவுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு நீர்யானையை வாங்கினார்கள். எடைக்கு எடை பார்த்தால் கொள்ளை லாபம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுக்க இன்றைக்கும் அந்த நீர்யானை முன்புதான் நிற்கிறது.

சீட்டியை மட்டும் விட்டுவிடலாமே, போய்த் தொலையட்டுமே என்று ஒருநாள் திலகவதியிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை.

“மலையில ஊர்நாய்ங்ககிட்ட இருந்து நோய் பரவி, கூட்டம் கூட்டமாச் செத்துட்டிருக்கு மெஹராஜ். சீட்டியோட ரத்தம் ரொம்ப அரிய வகை. ஜூன்ல ஒரு கடுவன் வருது. அவ ஈனுற குட்டிங்களோட குட்டிங்க ஒருநாள் மலைக்குத் திரும்பிப் போகலாம். சரணாலயத்துல தனியா விட்டா ரெண்டு மாசம். கூட்டமில்லாத செந்நாய்க்கு அதுக்கு மேல ஆயுசு இல்லை. ரெண்டு மாசமா, ஒரு வம்சமா? நீங்களே பேரம் பேசிச் சொல்லுங்க.”

பதில் தெரியாதபோது வேலையைப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

கூண்டை இரண்டு மடங்காக்கினேன். ஒரு பக்கம் ஓடை வெட்டி மீன் விட்டேன். பார்வையாளர் கண்ணாடியைக் கறுப்படித்தேன். வெட்டிய கறிக்குப் பதில் இரண்டு நாள் முழு ஆட்டைத் தோலோடு போட்டுப் பார்த்தேன். கையடக்கக் கணினியில் காலையும் மாலையும் எண் வரும். இரண்டு கிலோவில் கால் கிலோ தின்றது, ஒன்றே முக்கால் விட்டது, மூக்கு வாசலைத் தாண்டியது, ஆகவே வெளியேறும் விருப்பம் எண்பத்தேழரை சதவீதம். நான் என்ன கொடுத்தாலும் அந்த எண் அசையவில்லை.

சந்தையில் ஒரு விலை அசையவே இல்லை என்றால் இரண்டே அர்த்தம். விற்கிறவனுக்கு அவசரமில்லை, அல்லது மாடு அவனுடையதல்ல. அவசரமில்லை என்றே நான் எடுத்துக்கொண்டேன். அவசரமில்லாதவனை வழிக்குக் கொண்டுவர என்ன செய்வார்கள்? வெயிலில் நிற்க வைப்பார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட விடாமல் பேச்சை இழுப்பார்கள்.

தீனியை இரண்டு கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோவாகக் குறைத்தேன். விதிமுறையில் இதற்கு இடமுண்டு. பேரக் காலத்தில் பத்து நாள்வரை குறைக்கலாம். பசித்தால் சாப்பிடும், சாப்பிட்டால் எண் இறங்கும் என்பது என் கணக்கு.

முதல் நாள் நூற்றைம்பது கிராம் தின்றது, மீதியை விட்டது. இரண்டாம் நாளும் நூற்றைம்பது. நான்காம் நாள் விலா எலும்பு எண்ணும்படி ஆகியும் அதே நூற்றைம்பது. சரியான அழுத்தக்காரி என்று எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. இப்படி ஒரு எதிராளி சந்தையில் வாய்த்ததில்லை என்று திலகவதியிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் காலை நாச்சிமுத்து அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார். செந்நாய்க் கூண்டைக் கழுவித் தீனி வைக்கிறவர். பூங்காவில் இருபத்தாறு வருடம். அறைக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

“அம்மணி, அதுக்குத் தீனியக் கொறைக்காதீங்க. பட்டினி கெடக்குது.”

“பேரம்னா அப்படித்தாண்ணே. பசிச்சா இறங்கி வரும்.”

“பேரமுங்களா.” அவர் என் கையிலிருந்த கணினியைப் பார்த்தார். “இந்தப் பொட்டியவே பாத்துட்டு இருந்தா எப்புடிங்க? ஒரு நாளைக்கி நேர்ல வாங்க. நான் பலகையக் கூட்டறதுக்கு மின்னாடி வாங்க.”

அவர் பின்னாலேயே போனேன். பின்கட்டில் ஒரு சிறிய ஜன்னல் உண்டு, வேலையாட்கள் பார்ப்பதற்கு. இரண்டு வருடத்தில் நான் அதன் வழியாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என் எண்கள் எல்லாம் பலகைக்கு அடியில் இருந்த தராசிலிருந்தும் வாசலில் இருந்த உணரியிலிருந்தும் வந்தவை. தராசுக்குக் கண் கிடையாது.

பலகையில் கறி நான்கு கூறாகக் கிடந்தது.

சிதறிக் கிடக்கவில்லை. கசாப்புக் கடையில் போடுவதுபோல வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டு, ஏறக்குறைய ஒரே அளவில். கதவு திறந்திருந்தது. சீட்டி வெளியே போகவில்லை. வாசற்படியில் நின்று மூக்கை மட்டும் வெளியே நீட்டிச் சீட்டியடித்தது. காதை விடைத்துக் கேட்டது. திரும்பிப் பலகையைப் பார்த்தது. மறுபடி வெளியே பார்த்துச் சீட்டி. நேரம் முடிந்து கதவு மூடியதும் வந்து நான்கு கூறையும் ஒவ்வொன்றாக முகர்ந்தது. வாய் வைக்கவில்லை. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. பிறகு நடக்கத் தொடங்கியது. இருபத்தோரு எட்டு.

“வெளிய போறதுக்கு இல்லீங்க அம்மணி,” என்றார் நாச்சிமுத்து. “உள்ள வாங்க, சாப்பிடலாமுன்னு கூப்பிடுது. இந்தக் கதவு வழியாத்தான் அதுங்க நாலையும் வண்டியில ஏத்துனோம். காட்டுலயும் இதுங்க பழக்கம் அதானுங்க. ஒண்ணு தின்னுட்டு மத்ததுக்குக் கொண்டுபோய்க் குடுக்கும்.”

“இத்தனை நாளா இப்படியா? ஏண்ணே சொல்லலை?”

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

“மிச்சம் எத்தன கிலோன்னு கேட்டீங்க, சொன்னனுங்க. எத்தன கூறுன்னு ஆரும் கேக்கலீங்களே.”

எங்கள் வீட்டில் பக்ரீத் அன்று அறுத்த கறியை மூன்று பங்காக வைப்போம். ஒன்று வீட்டுக்கு, ஒன்று சொந்தக்காரர்களுக்கு, ஒன்று இல்லாதவர்களுக்கு. மற்ற இரண்டு பங்கும் வாசல் தாண்டிப் போகிறவரை எங்கள் அம்மா அடுப்பு மூட்ட மாட்டார். தட்டத்தில் கூறு கூறாக இருக்கும் அந்தக் கறியைப் பார்த்து ‘கிலோ என்ன விலை’ என்று கேட்கிறவன் பைத்தியக்காரன். முப்பத்தெட்டு வருடம் அந்த வீட்டில் தின்று வளர்ந்த நான், ஒரு செந்நாய் எடுத்துவைத்த பங்கை விலை என்று எழுதியிருக்கிறேன். எழுதியது மட்டுமா? விலை இறங்கவில்லை என்று பட்டினி போட்டிருக்கிறேன். அவள் தன் பங்கைத்தான் குறைத்துக்கொண்டாள்.

அன்றே தீனியைப் பழையபடி இரண்டு கிலோவாக்கச் சொல்லிவிட்டுத் திலகவதியிடம் போனேன். அவர் முழுக்கக் கேட்டார். மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

“அப்ப அவளுக்கு வெளிய போற ஆசையே இல்லை. நல்லதுதானே? கையெழுத்துப் போட்டுடலாம்.”

“தராசு எண்பத்தேழரைன்னு சொல்லுது மேடம். சட்டப்படி சரணாலயத்துக்கு அனுப்பணும். அங்க போனாலும் வேலி ஓரமா நின்னு கூப்பிட்டுட்டே செத்துப்போவா.”

“வேற என்ன செய்யச் சொல்றீங்க?”

“அந்த நாலையும் திருப்பிக் கேட்போம்.”

நீர்யானையைத் திருப்பித் தருவதா என்று அவர் முகம் போன போக்கை இங்கே எழுதுவதற்கில்லை. ஆனாலும் போன் போட்டார். அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான். திட்டிக்கொண்டே நல்லதைச் செய்வார். வடக்கத்திப் பூங்காவில் ஏடு புரட்டிச் சொன்னார்கள். நான்கில் ஒன்று போகிற வழியில் லாரியிலேயே செத்துவிட்டது. இரண்டு அடுத்த வருடம் நோயில் போயின. மிச்சம் ஒரு கடுவன், பின்னங்கால் நொண்டி. பார்வையாளர்கள் புகார் சொல்வதால் பின்கட்டில் வைத்திருக்கிறார்களாம்.

அவர்களோடு பேரத்தை நான்தான் பேசினேன். நொண்டிக்கு ஒரு ஜோடி நீர்நாய் கேட்டார்கள். தீனிச் செலவு மிச்சமாகிறதே, நீங்கள்தான் எங்களுக்குத் தர வேண்டும் என்று ஆரம்பித்து, மூன்று நாள் இழுத்து, ஆறு நட்சத்திர ஆமைகளுக்கு முடித்தேன். நல்ல பேரம். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த ஆறு ஆமைகளையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவற்றின் இருப்புக்குச் சம்மதம் வாங்கிய கையெழுத்து என்னுடையது. இடமாற்றத்துக்குச் சம்மதம் கேட்கச் சட்டத்தில் இடமே இல்லை. பெட்டியில் வைக்கும்போது ஒன்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று எழுத என்னிடம் எண் இல்லை.

மார்ச் இருபத்து நான்காம் தேதி காலை பத்து மணிக்கு லாரி வந்தது. பின்கதவுக்கு வெளியே இருந்த புல்தரையில் கூண்டை இறக்கித் திறந்தார்கள். கடுவன் இறங்கிய இடத்திலேயே நின்றது. மயிர் உதிர்ந்து, கண் பீளை கட்டி, ஏழு வயதுக்குப் பன்னிரண்டு வயதுத் தோற்றம். திலகவதியும் ஜன்னலுக்கு வந்திருந்தார். நாச்சிமுத்து அண்ணன்தான் பலகையில் கறியை வைத்துவிட்டு வந்தார்.

சீட்டி கால் கிலோ தின்றாள். மீதியை வாயால் இழுத்து இழுத்து நான்காக்கினாள். கதவு திறந்தது. வாசலில் நின்று சீட்டியடித்தாள்.

கடுவன் அசையவில்லை. இரண்டு வருடமாக யாரும் கூப்பிடாத காது. அவள் மறுபடி அடித்தாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். எனக்கு நிற்கக் கொள்ளவில்லை. அந்தச் சின்ன இடத்திலும் நடந்துகொண்டிருந்தேன். பிறகு காற்று மட்டும் வருகிற மாதிரி கரகரப்பாக ஒரு பதில் சீட்டி கேட்டது. நொண்டிக்கொண்டே வந்தது. வாசலில் அவள் மூக்கும் அதன் மூக்கும் ஒரு கணம் தொட்டன, அவ்வளவுதான். நேரே பலகைக்குப் போய் ஓரத்துக் கூறைத் தின்று தீர்த்தது.

திலகவதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அது இரண்டாவது கூறுக்கு வாயைக் கொண்டுபோனபோது, சீட்டி குறுக்கே வந்து நின்றாள். கடிக்கவில்லை, உறுமவில்லை. தன் உடம்பால் மறித்தாள். அது வளைந்து மூன்றாவதுக்குப் போனது. அதையும் மறித்தாள். பின்பு திரும்பிப் போய் வாசலில் நின்று வெளியே பார்த்துச் சீட்டியடித்தாள்.

“மத்தவங்களதுங்க அது,” என்றார் நாச்சிமுத்து மெல்ல.

அடுத்த நாளிலிருந்து அவள் வயிறாரத் தின்றாள். இருபத்தோரு எட்டு சில நேரம் பதினைந்தில் நின்றது. கடுவனுக்குத் தனிப் பலகை வைத்துவிட்டோம். அவளுடைய பலகையில் தினமும் மூன்று கூறு, முந்நூறு முந்நூறாக. ஆக மொத்தம் தொள்ளாயிரம் கிராம். இரண்டு கிலோவில் பாதி ஆயிரம். நூறு கிராம் வித்தியாசத்தில் சட்டப்படி அவள் கூண்டில் இருக்கச் சம்மதித்துவிட்டாள்.

தராசை எப்படி நூறு கிராம் ஏமாற்றுவது என்று எனக்குத் தெரியும். தெரியாவிட்டால் எங்கள் தெருவில் பெண் கொடுக்க மாட்டார்கள். பலகையின் விளிம்பில் ஒரு கூழாங்கல்லைச் செருகினால் போதும்; மிச்சம் பாதியைத் தாண்டிவிடும், இரண்டும் சரணாலயத்துக்குப் போய்விடலாம். அங்கே நொண்டி ஒரு வாரம் தாங்கும். அப்புறம் அவள் நாலு கூறு போட்டுவைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். அன்று மாலை பலகையருகே போய், கையில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி திலகவதி படிவத்தை நீட்டினார். அதற்கு அடியில் என் பணி நிரந்தர உத்தரவு.

“உங்களாலதான் முடிஞ்சது மெஹராஜ். அவளுக்கு வேண்டியதைக் கொடுத்தீங்க, அவ விலையை இறக்கிட்டா. இதைவிட நியாயமான சம்மதம் இருக்குமா?”

அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை. அதுதான் தொல்லை. சீட்டி இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். ஜூனில் புதுக் கடுவன் வரும், குட்டி போடுவாள், ஒரு வம்சம் மலைக்குப் போனாலும் போகும். அவளுக்கு வேண்டியதில் கால் பங்கைக் கொடுத்து முழு ஆளையும் கூண்டில் நிறுத்திவிட்டேன். தரகில் இதற்கு மேல் ஒரு வெற்றி கிடையாது. கரடியும் ஞாபகத்துக்கு வந்தது. அது கதவுக்குப் பாய்ந்தது எதற்கு என்று நான் ஜன்னல் வழியாக ஒருநாளும் பார்த்ததில்லை. புற்றைக் கொடுத்து வாயடைத்தேன்.

படிவத்தின் கடைசிக் கட்டம் ‘பூங்கா இவ்விலங்குக்குத் தர வேண்டிய நிலுவை’. பங்குத் தீனி, மருந்து ஏதாவது விட்டுப்போயிருந்தால் எழுதுவதற்கு. முப்பத்தொன்பது படிவத்திலும் அங்கே ‘இல்லை’ என்று நான் கிறுக்கியிருக்கிறேன், படிக்காமலே. இந்தத் தடவை பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பினேன். சம்மதக் கட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை.

திலகவதி வாங்கிப் படித்தார்.

“நிலுவை இருந்தா படிவத்தை முடிக்க முடியாது. உத்தரவும் நிக்கும். உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும் மேடம். அந்தப் பழைய முப்பத்தொன்பதையும் எடுத்துவைக்கச் சொல்லுங்க. ஒவ்வொண்ணா மறுபடி பார்க்கணும்.”

அவர் படிவத்தை மறுபடி படித்தார். பிறகு, “செத்துப்போனதை எப்படி மெஹராஜ் திருப்பித் தருவோம்?” என்றார்.

“தர முடியாதுதான் மேடம். அதுக்காக இல்லைன்னு எழுத முடியுமா?”

படிவம் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது. கிழிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்தில் இவ்வளவுதான்:

கொண்டுபோனது, நான்கு.
கொண்டுவந்தது, ஒன்று.
பாக்கி, மூன்று.